உங்கள் வீட்டுச் சூழலும் நோயும்: சுகாதார செவிலியர் எவ்வாறு உதவுகிறார்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்க வரும் செவிலியர், இரத்த அழுத்தத்தை அளந்து மாத்திரைகளைச் சரிபார்த்த பிறகு, "குடிதண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். "குளிக்க வெந்நீர் எந்த அடுப்பில் போடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். சில வேளைகளில் கொல்லைப்புறத்தைப் பார்க்க அனுமதி கேட்பார். சிகிச்சைக்கும் இக்கேள்விகளுக்கும் என்ன தொடர்பு என்று பல குடும்பத்தினர் ஐயுறுகின்றனர். அபராதம் விதிக்கப்படுமோ, வீடு சுத்தமாக இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவாரோ என்று அஞ்சி உண்மையை மறைப்பவர்களும் உள்ளனர்.

இந்த அச்சம் தேவையற்றது. குடிநீர், புகை, கொசு, வெப்பம், வயல் வேலை ஆகியவற்றோடு தொடர்புடைய நோய்களில் மருந்து உடலுக்குள் செய்யும் வேலையை வீட்டுச் சூழல் வெளியிலிருந்து கெடுத்துவிடக்கூடும். மருத்துவமனையில் உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரால் உங்கள் அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க இயலாது. அவற்றை நேரில் பார்க்கும் மருத்துவப் பணியாளர் பெரும்பாலும் செவிலியர் ஒருவரே. அவர் எதைப் பார்க்கிறார், ஏன் கேட்கிறார், அவரிடம் நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்பவற்றை நோயாளிகளுக்காகவும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் விளக்குகிறது.

உங்கள் பகுதிக்குரிய செவிலியர் யார்?

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் இப்பணியைச் செய்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊர்களில் இவரை ‘நர்சம்மா’ என்றே அழைக்கின்றனர். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற அளவில் அமைக்கப்படும் துணை சுகாதார நிலையத்தில் இவர் பணியாற்றுகிறார். நகரங்களில் நகர்ப்புற சுகாதார செவிலியர் இதே பணியைச் செய்கிறார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருந்து கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும், படுக்கையில் உள்ள நோயாளிகளைப் பார்க்க வரும் நோய்த் தணிப்பு செவிலியர்களும் உங்கள் வீட்டுக்கு வரக்கூடும்.

கருவுற்ற தாய்மார்களைக் கவனிப்பதும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதுமே கிராம சுகாதார செவிலியரின் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். அவை அவருடைய முதன்மையான பணிகள் என்பது உண்மையே. ஆயினும் வீட்டின் காற்றையும் நீரையும் கவனிப்பது செவிலியர் பணிக்குப் புதிதாக வந்து சேர்ந்த கடமை அன்று. நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட நூலில், மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே நோயாளியின் அறைக்குத் தூய காற்று வருவதைப் பற்றியும், நல்ல குடிநீர், வடிகால், வெளிச்சம் பற்றியும் எழுதினார். இந்தியாவின் சுகாதார நிலை குறித்தும் அவர் பல ஆண்டுகள் எழுதிவந்தார்.

குடிநீர்

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையின் வீட்டுக்கு வரும் செவிலியர் முதலில் நீரிழப்பின் அறிகுறிகளைப் பார்ப்பார். கண்கள் குழிவிழுந்துள்ளனவா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா, குழந்தை ஆவலுடன் நீர் பருகுகிறதா அல்லது பருக இயலாமல் சோர்ந்துள்ளதா என்று கவனிப்பார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்பது பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சிறிது சிறிதாக டம்ளரில் கலந்து கொடுப்பது தவறு. அவ்வாறு செய்தால் உப்பின் அளவு கூடியோ குறைந்தோ போகும். முழுப் பொட்டலத்தையும் ஒரே நேரத்தில் ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிட வேண்டும். துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும், 14 நாட்கள் முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்து அவர் நீரின் பக்கம் திரும்புவார். உங்கள் தெருவில் வேறு யாருக்கேனும் வயிற்றுப்போக்கு உள்ளதா என்று அவர் கேட்பது வெறும் விசாரிப்பு அன்று. ஒரு வீட்டார் அரசு மருத்துவமனைக்கும், அடுத்த வீட்டார் தனியார் மருத்துவரிடமும், மூன்றாம் வீட்டார் மருந்துக்கடைக்கும் சென்றிருப்பார்கள். மூவரையும் தனித்தனியே பார்த்தவர்களுக்கு அது மூன்று தனி நோயாளிகளின் பிரச்சினை. ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் மூன்று வீடுகள் என்பது தெருவில் நடந்து செல்லும் செவிலியருக்கே தெரியவரும். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்ததும், சுகாதார ஆய்வாளர் நீர் மாதிரி எடுப்பதும், குழாயில் கசிவு தேடுவதும், குளோரின் கலப்பதும் தொடங்கும். ஆகவே, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் குணமாகிவிட்டாலும் வயிற்றுப்போக்கு வந்ததைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

குழாய் நீரில் குளோரின் உள்ளதா என்பதை அவரோ சுகாதார ஆய்வாளரோ உங்கள் வீட்டிலேயே சோதித்துக் காட்ட இயலும். சிறு குழாயில் எடுத்த நீரில் வேதிப்பொருளைச் சேர்த்து, மாறும் நிறத்தை அளவுகோலுடன் ஒப்பிடுவார்கள். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாகக் கலக்கப்பட்டிருந்தாலும், உங்கள் குழாயில் ஒரு லிட்டர் நீருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியருகே குளோரின் இருந்து தெருக்கோடி வீட்டில் இல்லாமற்போனால், இடையில் எங்கோ அழுக்கு சேர்ந்து குளோரினைத் தீர்த்திருக்கக்கூடும் என்று பொருள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று தொட்டி இயக்குபவரிடம் மருந்தைக் குறைக்கச் சொல்லும் ஊர்களும் இல்லாமலில்லை. அந்த இலேசான வாடை உங்களுக்குப் பாதுகாப்பு இருப்பதன் அடையாளம். நீரை மூடியுடன் சிறிது நேரம் வைத்திருந்தால் அது குறைந்துவிடும்.

நீர் அழுத்தம் குறைவாக உள்ள தெருக்களில் வீட்டு வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி நீர் பிடிக்கும் வழக்கம் உள்ளது. மழை பெய்தால் அக்குழியில் தேங்கும் நீர் குழாய்க்குள் செல்லும். குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவதும் ஆபத்தானது. நீர் வராத நேரத்தில் குழாய் வெற்றிடமாக இருக்க, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் திறந்துவிடப்பட்டவுடன் வரும் முதல் சில குடங்களைத் துவைப்பதற்கு ஒதுக்கிவிட்டு, பிறகு வருவதைக் குடிப்பதற்குப் பிடியுங்கள். குடிநீர் நன்கு கொப்புளித்துக் கொதித்தபின் குறைந்தது ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். கொதித்த நீரை வேறு பாத்திரத்தில் மாற்றாமல் அதிலேயே மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுங்கள். டம்ளரை விரல்களுடன் உள்ளே விட்டு மொள்ளும்போது காய்ச்சிய பயன் போய்விடுகிறது.

கொதிக்க வைப்பதால் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைச் சிறுவயதிலிருந்து குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகள் தோன்றும். ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்கு முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போகும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இம்மாவட்டங்களுக்கு இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஆற்று நீர் வந்த பிறகும் சுவைக்காகவோ வசதிக்காகவோ பழைய கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகளைச் செவிலியர்கள் காண்கின்றனர். மூட்டு வலிக்கு நீண்ட நாட்களாக மருந்து எடுத்துக்கொள்பவர் எந்த நீரைக் குடிக்கிறார் என்பதை இப்பகுதிகளில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காய்ச்சலும் சுற்றுப்புறமும்

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் உள்ள தெளிந்த நீரிலேயே பெரும்பாலும் முட்டையிடுகிறது. சிமெண்டுத் தொட்டி, மூடாத பிளாஸ்டிக் டிரம், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவை அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை நீரைக் காலி செய்யச் சொல்வதன் காரணம் இதுவே. நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, மீண்டும் நீர் நிரம்பும்போது பொரிக்கும். உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால், கவனித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பழச்சாறு கொடுப்பதிலும் தட்டணுக்களின் எண்ணிக்கையிலுமே கவனமாக இருக்கின்றனர். நோயாளியைக் கொசு கடிக்காமல் காப்பது பலருக்கும் தோன்றுவதில்லை. காய்ச்சல் உள்ள நாட்களில் அவரைக் கடிக்கும் கொசு, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அதே வீட்டிலுள்ள குழந்தைக்கு நோயைக் கொடுக்கலாம். ஏடிஸ் பகலில் கடிப்பது. ஆகவே நோயாளி பகலில் படுக்கும்போதும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும்போது நோய் போய்விட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கக்கூடும். கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காய்ச்சலென்றால் டெங்கு மட்டுமே என்று கருதுவதும் தவறு. மழைக்காலத்திலும் அதையடுத்து வரும் குளிர் மாதங்களிலும் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களிலும் புல்வெளிகளிலும் உள்ள கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகும். அது வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமலிருக்கும். பெண்களும் முதியவர்களும் கூச்சத்தால் மருத்துவரிடம் காட்டுவதில்லை. வீட்டுக்கு வரும் செவிலியர் தனியறையில் பார்க்கக் கேட்டால் தயங்காமல் அனுமதியுங்கள். உரிய காலத்தில் கண்டறிந்தால் எளிதில் கிடைக்கும், விலை குறைந்த மாத்திரைகளாலேயே இந்நோய் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். விறகு பொறுக்கச் சென்றது, ஆடு மேய்த்தது, களையெடுத்தது, புல்தரையில் உட்கார்ந்தது ஆகியவற்றைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த வாரங்களிலும் வயல் வேலைக் காலத்திலும் எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு வெட்டு அல்லது சேற்றுப்புண் வழியாக உடலுக்குள் கிருமியைச் செலுத்துகிறது. காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை இருந்தால், தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுப்புப் புகை

மேற்கண்டவற்றைவிட மெதுவாகத் தீங்கு செய்வதாலேயே புகையை எவரும் நோய்க்காரணமாக நினைப்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர். விறகு, வறட்டி, சுள்ளி எரியும்போது வெளிப்படும் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை சென்று படிகின்றன. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய், பக்கவாதம், பிறக்கும் குழந்தையின் எடைக்குறைவு ஆகியவற்றுடன் இப்புகைக்குத் தொடர்பு உண்டு.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. புகைபிடிக்கும் பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. மூச்சுத்திணறலுக்காக ஆண்டுக்கு மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இன்ஹேலர் கொடுக்கப்படுகிறது, பத்து நாட்கள் நன்றாக இருக்கிறார், மீண்டும் திணறல். மருத்துவமனையில் அவரிடம் "விறகடுப்பா, கேஸ் அடுப்பா?" என்று கேட்டால், "கேஸ்தான்" என்பார். அது பொய்யன்று. சோறும் குழம்பும் கேஸ் அடுப்பில்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டிலுள்ள ஐந்து பேருக்கும் குளிக்க வெந்நீர் போடுவது கொல்லைப்புறத்து விறகடுப்பில். மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பதும், நெல் அவிப்பதும் அங்கேதான். அடுப்பருகே உட்கார்ந்து சுள்ளியைத் தள்ளிவிடும் வேலை, வேறு வேலை செய்ய இயலாதவர் என்பதால், அந்த மூதாட்டிக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். மாத்திரையையும் இன்ஹேலரையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. கொல்லைக்குச் செல்லும் செவிலியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இங்கு அவர் சொல்லும் அறிவுரை ‘விறகை விட்டுவிடுங்கள்’ என்பதோடு முடியுமானால் அதனால் பயனில்லை. சிலிண்டரின் விலையும், மாதக் கடைசியில் அது தீர்ந்துபோவதும் அவர் அறியாதவை அல்ல. முடிந்ததைச் செய்யும் வழியைச் சேர்ந்து தேடுவதே நல்ல செவிலியரின் முறை. அடுப்பைக் கவனிக்கும் வேலையை மூச்சுநோய் உள்ளவர், கருவுற்ற பெண், கைக்குழந்தையுடன் இருப்பவர் ஆகியோரிடமிருந்து வேறொருவருக்கு மாற்றுவது முதற்படி. அதற்குச் செலவில்லை. அடுப்பைக் காற்று வீட்டை நோக்கி வராத பக்கத்துக்கு நகர்த்தலாம். ஈரமான விறகைத் தவிர்க்கலாம். தீயைப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; அவற்றின் புகை கடும் நச்சுடையது. வெயில் காலத்தில் கறுப்புப் பாத்திரத்தில் நீரை வெயிலில் வைத்தாலே குளிக்குமளவு சூடேறும். புகைபோக்கி பொருத்திய அடுப்பு புகையைக் குறைக்கும் என்றாலும் முற்றிலும் நீக்காது என்பதையும் அறிந்திருங்கள்.

கொசுவர்த்திச் சுருளும் புகைதான். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் அறையில் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை கட்டுங்கள். போகிப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் செவிலியர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அன்று விடியற்காலையில் மூச்சுநோயாளியை எந்த அறையில் வைப்பது, அவசர இன்ஹேலர் தீர்ந்துள்ளதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று பழைய பாயும் துணியும் எரிக்கப்படும் தெருவில், கதவு சன்னல்களைச் சாத்தி வைப்பதே அவருக்கு நல்லது.

வெயிலும் மருந்துகளும்

தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கத்திரி வெயில் நாட்களில் தகரக் கூரை அல்லது சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டினுள் வெப்பம் வெளியைவிடக் கூடுதலாகவும், இரவிலும் தணியாமலும் இருக்கும். படுக்கையில் உள்ள முதியவரைக் குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றுவது, கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, ஈரத்துணியால் அடிக்கடி உடலைத் துடைப்பது ஆகியவை பயன் தரும். அறையின் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடந்தபின் மின்விசிறி மட்டும் உடலைக் குளிர்விக்காது. சூடான காற்றையே மேலே வீசும்.

இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும், மனநல மருந்துகள் சிலவற்றை உட்கொள்பவர்களும் வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவர். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். செவிலியரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, மருத்துவரிடம் கேட்டுச் சொல்லும்படி கோருங்கள். சிறுநீரக நோய் அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நீர் எவ்வளவு அருந்தலாம் என்பதையும் அவ்வாறே கேட்டறிய வேண்டும். ‘நிறைய நீர் குடியுங்கள்’ என்ற பொது அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாமற் போகலாம்.

இன்சுலின் போடுபவர்களின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையெனில் செவிலியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெப்பத்தில் வீரியம் இழந்த இன்சுலினைச் சரியான அளவில் போட்டும் சர்க்கரை குறையாததால், மருந்தின் அளவு மேலும் கூட்டப்படும் நிலை வரலாம். ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் சிறு மண்பானையை வைத்து, அதனுள் நீர் புகாத உறையில் இன்சுலின் குப்பியை வைக்கும் முறையை அவர் கற்றுத்தருவார். உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்ற வேண்டாம்.

பூச்சிமருந்து

வயலில் மருந்து தெளித்துவிட்டு வந்தவருக்குத் தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, வாயில் உமிழ்நீர் மிகுதி, தசைத்துடிப்பு ஆகியவை தோன்றினால் அதை வெயில் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மேல் உறையில் உள்ள பெயர் சிகிச்சையை விரைவுபடுத்தும். தெளித்த ஆடைகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கக் கூடாது. பூச்சிமருந்தையும் எலிமருந்தையும் வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். மனவேதனையில் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இது மிக இன்றியமையாதது. அதைப் பற்றிச் செவிலியரிடம் தனியே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

செவிலியரால் இயலாதவை

உடைந்த குழாயைச் சரிசெய்யவும், பக்கத்து மனையில் குப்பை எரிப்பவரைத் தடுக்கவும் செவிலியருக்கு அதிகாரம் இல்லை. தேங்கிய கழிவுநீர், சுகாதாரக் கேடு விளைவிக்கும் குப்பை போன்றவற்றை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தை 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் சுகாதார அலுவலர்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அளித்துள்ளது. செவிலியர் செய்வது, அவர்களுக்குத் தகவல் சேர்ப்பதும், இந்தச் சூழலால் இத்தனை வீடுகளில் நோய் வந்துள்ளது என்று மருத்துவ அடிப்படையில் எடுத்துரைப்பதுமாகும். ஒரே செவிலியர் பல சிற்றூர்களையும் பல பதிவேடுகளையும் கவனிக்கிறார் என்பதால், ஒருமுறை சொன்னதும் எல்லாம் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. நீங்களும் கூடவே முயல வேண்டியிருக்கும்.

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் இடம்பெறும் கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழுவிடம் சிக்கலைக் கொண்டு செல்லலாம். அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுத்து வடிவில் கோரிக்கை கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் செய்யலாம். ‘தெருவில் சுகாதாரம் சரியில்லை’ என்று எழுதுவதைவிட, எந்தத் தெரு, எந்தக் குழாய், எத்தனை வீடுகளில் எந்தத் தேதி முதல் நோய் என்று எழுதினால் நடவடிக்கை எளிதாகும். இவ்விவரங்களைத் திரட்ட செவிலியர் உதவுவார். நோயாளிகளின் பெயர்களை அதில் எழுத வேண்டியதில்லை.

அவர் வரும் நாளுக்கு முன்

நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கியவை உட்பட, ஒரே பையில் எடுத்து வையுங்கள். மூச்சுத்திணறல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எந்த நாட்களில் மிகுந்தது, அந்நாட்களில் வீட்டிலோ தெருவிலோ என்ன நடந்தது என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வந்தால் மிகவும் உதவும். நெல் அவித்த நாள், வெள்ளையடித்த நாள், குழாய் உடைந்த நாள் என்று எழுதினால் போதும். அவர் வருவதற்காக வீட்டைத் துப்புரவு செய்து, டிரம்மைக் கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் பேச இயலாதவற்றை, தடுப்பூசி நாளிலோ மற்ற வேலை நாட்களிலோ துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று அவரிடம் தனியே பேசலாம். உங்கள் பகுதிச் செவிலியர் யார் என்று தெரியாவிடில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.